கோட்டை ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வெளியாள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கட்டியதுதான் கோட்டை. தடித்த மதில், குறுகிய படி, சின்ன ஜன்னல், ஊரை விட்டுத் தள்ளி ஒரு மேடு, எல்லாமே அதற்காகத்தான். பல நூற்றாண்டு கழித்து அதே கட்டடத்தில் கட்டில் போட்டு விருந்தாளியை அழைக்கிறார்கள். கோட்டை ஹோட்டலில் தங்கிவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிக்காமல் போனவர்கள்தான்.

பெரிய தவறு, தாமதமாகப் போய்ச் சேர்வது. பகலெல்லாம் நாலு ஊர் சுற்றிவிட்டு இரவு ஒன்பதரைக்கு வந்து படுத்து, காலையில் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பினால், நீங்கள் பார்த்தது ஒரு படுக்கை அறையை மட்டும்தான். பகலில் சுற்றிப் பார்க்க வரும் கூட்டம் மாலையில் கலைந்துவிடும். அதற்கு அப்புறம் முற்றமும் மதிலும் தங்குகிறவர்களுக்கு மட்டும். கொடுக்கிற காசில் பாதி அந்த நேரத்துக்குத்தான் என்பேன். செக்-இன் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில் மதில் ஓரமாக ஒரு சுற்று நடந்தால், எந்தக் கல் பழையது, எது பிற்காலத்தில் வைத்து ஒட்டியது என்று நிற வித்தியாசத்திலேயே பல இடங்களில் தெரியும். நடுப்பகல் வெளிச்சத்தில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

தாமதமாகப் போவதில் வேறு சிக்கல்களும் உண்டு. பல கோட்டைகள் சின்ன ஊரின் ஓரத்தில் இருப்பவை. இரவில் டாக்ஸி கிடைக்காது, சமையலறை சீக்கிரம் மூடிவிடும், பக்கத்தில் திறந்திருக்கும் கடையும் இருக்காது. அறையோடு சேர்த்தே இரவு உணவுக்கும் இடம் சொல்லி வையுங்கள். சைவம், ஒவ்வாமை என்று ஏதாவது இருந்தால் அப்போதே எழுதிவிடுங்கள். சில இடங்களில் சாப்பாட்டு அறைக்கு உடைக் கட்டுப்பாடும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது அறை. இணையத்தில் கோபுரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே விலை குறைந்த அறையைப் பதிவு செய்கிறோம். போய்ப் பார்த்தால் அது பழைய குதிரை லாயத்திலோ, வெளியே புதிதாகக் கட்டிய பகுதியிலோ இருக்கிறது. ஹோட்டல்காரர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், அறையின் விவரத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். நாம்தான் படித்திருக்க மாட்டோம். பதிவு செய்வதற்கு முன்பு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: என் அறை மூலக் கோட்டைக் கட்டடத்துக்குள் இருக்கிறதா? எத்தனை படி ஏற வேண்டும், லிஃப்ட் உண்டா? ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

படி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபுரத்துச் சுழல்படிகள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய அகலத்தில் இருக்கும். உள்பக்கம் படி ஒரு விரல்கடை அளவுக்குக் குறுகிவிடும், பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான் இருக்கும். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் நினைத்த இடத்தில் சுவரை உடைத்து லிஃப்ட் வைக்கவும் உரிமையாளருக்கு அனுமதி கிடைக்காது. முழங்கால் வலி உள்ளவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் கோபுர அறை ஆசையை விட்டுவிட்டுத் தரைத்தளத்தைக் கேளுங்கள். ஓர் இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் எடுத்துக்கொண்டு பெட்டியைக் காரிலேயே வைப்பது இன்னும் வசதி.

கோட்டை என்ற பெயரை மட்டும் நம்பி வயதை முடிவு செய்வதும் தவறு. அயர்லாந்தின் ஆஷ்ஃபோர்ட் கோட்டை 1228-இல் தொடங்கியது. ஆனால் 1852-இல் கின்னஸ் குடும்பம் வாங்கிய பிறகு கட்டிச் சேர்த்ததுதான் இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி. ஜெர்மனியில் ரைன் நதிக்கரை பாக்கராக் ஊரின் ஸ்டாலெக் கோட்டை 1689-இல் பிரெஞ்சுப் படையால் தகர்க்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில் இளைஞர் விடுதியாக எழுப்பப்பட்டது. இதனால் அவற்றின் மதிப்பு குறையவில்லை. எது எப்போது வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் பார்க்கும் பார்வையே மாறிவிடும். இங்கிலாந்தின் தார்ன்பரி கோட்டை அரைகுறையாக நிற்பது ஏன்? அதைக் கட்டிக்கொண்டிருந்த பக்கிங்ஹாம் பிரபுவை 1521-இல் மன்னர் எட்டாம் ஹென்றி தலை வெட்டிக் கொன்றுவிட்டு, கோட்டையைத் தன்வசம் எடுத்துக்கொண்டார். 1535-இல் மனைவி ஆன் போலினோடு வந்து அங்கேயே தங்கவும் செய்தார். இந்தக் கதை தெரியாதவருக்கு அது கூரையில்லாத வெறும் சுவர்.

விலையைப் பார்த்துப் பயந்து, இதெல்லாம் நமக்கு இல்லை என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. ஸ்டாலெக்கில் பலர் சேர்ந்து தங்கும் அறைகளே உண்டு. ஸ்பெயினில் அரசே 1928 முதல் பாரடோர் என்ற ஹோட்டல்களை நடத்துகிறது, கார்டோனா, சிகுவென்சா கோட்டைகள் அதில் அடக்கம். வார நாளில், சீசன் இல்லாத மாதத்தில் பாருங்கள், விலை நன்றாக இறங்கும். வார இறுதியைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது: கல்யாணம். கோட்டைகளுக்குக் கல்யாண வருமானம் முக்கியம். நீங்கள் தங்கும் இரவில் பெரிய மண்டபமும் தோட்டமும் கல்யாண வீட்டாரிடம் இருக்கலாம், பாட்டுச் சத்தம் நள்ளிரவு வரை கேட்கலாம். அன்று விசேஷம் ஏதாவது உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தடித்த கல்சுவரில் வைஃபையும் போன் சிக்னலும் திணறும். டிக்கெட், வரைபடம் எல்லாவற்றையும் முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிரும் அப்படித்தான். கல் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் வெளியே வசந்தம் வந்த பிறகும் உள்ளே சில்லென்றே இருக்கும். ஹீட்டரைப் படுக்கப் போகும்போது போட்டால் பலன் தெரியாது, அறைக்குள் நுழைந்ததுமே போடுங்கள். கம்பளிச் சாக்ஸ் அவசியம். மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம், மரக்கூரையும் பழைய திரைச்சீலையும் உள்ள இடம்.

ராத்திரியில் மரத்தரை முனகும், குழாய் தட்டும், காற்று ஊளையிடும். இங்கிலாந்தின் லம்லி கோட்டையில் 2005-இல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி தங்கியபோது பேய்ப் பயத்தில் ஷேன் வாட்சன் தன் அறையை விட்டு பிரெட் லீயின் அறைத் தரையில் போய்ப் படுத்தார். லேசாகத் தூங்குகிறவர் காதடைப்பான் கொண்டுபோகலாம். குழந்தைகளோடு போனால் பேய்க் கதைச் சுற்றுலாவைப் படுக்கப் போகும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் தவறவிடாதீர்கள். பல இடங்களில் அது காலை உணவுக்குப் பிறகுதான் இருக்கும், செக்-அவுட் நேரத்தோடு மோதும். பெட்டியை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், கேட்டால் வைத்துக்கொள்வார்கள்.