பழைய வீணையை விற்கப் போறீங்களா?

பாட்டி வாசித்த வீணை பரண்மேல் தூசி பிடிச்சுக் கிடக்கும். "சுருதியே சேரலை, கெட்டுப்போச்சு" என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பிள்ளை வீணை கற்க ஆரம்பித்து, கடையில் புதுசுக்கு விலை விசாரிக்கும்போதுதான் வயிறு எரியும்.

முதலில் மெட்டுகளை, அதாவது தந்திகளுக்கு அடியில் குறுக்கே வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகளைப் பாருங்கள். 24 மெட்டும் உட்கார்ந்திருப்பது மெழுகில். வெயில், சூடு பட்டால் அது இளகி மெட்டு நகரும், சுரம் பிசகும். வீணை கெட்டதாக அர்த்தமில்லை. தஞ்சாவூரில் இதைச் சரிசெய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மெழுகைப் புதுசாக வைத்து மெட்டுகளைச் சரியான இடத்தில் நிறுத்தித் தருவார்கள். தந்தி மாற்றுவதெல்லாம் சின்ன வேலை.

அடுத்து, வீணையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். குடமும் (உருண்டையான பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) சேருமிடத்தில் ஒட்டு தெரிகிறதா, மர வரி அறுபடாமல் ஓடுகிறதா? ஒரே பலாமரத் துண்டில் குடைந்தது என்றால் ஏகாண்ட வீணை. அவ்வளவு பெரிய மரம் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒட்டு வீணை விலைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

வெள்ளை வேலைப்பாடு பிளாஸ்டிக்கா, யானைத் தந்தமா என்பதையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழசில் தந்தம் இருக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம், பாட்டி சொத்து என்றாலும்.

இவ்வளவுக்குப் பிறகும் விற்பதென்றால், பழைய சாமான் கடைக்குப் போடாமல் வீணை ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். வாங்குபவரிடம், "திரும்ப விற்கிறதா இருந்தா முதல்ல எங்களைக் கேளுங்க" என்று போன் நம்பரும் கொடுத்துவிடுங்கள்.