என்க்ளெக்ஸ் பரீட்சையை மீண்டும் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டன், பதுளைப் பக்கத்து வைத்தியசாலைகளில் வேலை செய்துகொண்டே, அமெரிக்கத் தாதியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் பரீட்சையை எழுதித் தவறவிட்டவர்களுக்காக இது. லயத்தில் ஒரு பிள்ளை பரீட்சை எழுதினால் தோட்டமே முடிவுக்குக் காத்திருக்கும். “என்ன மகள், பாஸாகிவிட்டாயா?” என்ற கேள்விக்குப் பயந்தே பலர் அடுத்த திகதியை அவசரமாகப் பிடிக்கிறார்கள். தவறுகளில் தலையானது அதுதான்.

மறுபடி எழுத 45 நாள் பொறுக்க வேண்டும் என்பது விதி. அது குறைந்தபட்சக் காத்திருப்பு மட்டுமே. அதற்குள் ஆயத்தமாகிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் 200 டொலர் பதிவுக் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டும். பயணச் செலவு வேறு. நகையை அடகு வைத்துக் கட்டும் பணத்தில் அவசரம் காட்டலாமா?

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். எட்டுப் பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் நீங்கள் சித்தி மட்டத்துக்கு மேலே நின்றீர்களா, அருகிலா, கீழேயா என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து அழுதுவிட்டு, பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறப்பது வீண் உழைப்பு. ‘கீழே’ என்று வந்த பிரிவுகளில் தொடங்குங்கள். ‘அருகில்’ என்பவை அடுத்தது. குறைந்தபட்சமான 85 கேள்வியில் கணினி நின்றதா, உச்சமான 150 வரை போனதா என்று மண்டையை உடைப்பதும் வேண்டாம். உங்கள் திறன் சித்தி மட்டத்துக்கு மேலே என்றோ கீழே என்றோ 95 வீதம் உறுதியானால் அது நின்றுவிடும். 85இல் தேறியவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பாடம் தெரியும். யாரை முதலில் பார்ப்பது என்ற முடிவில்தான் சறுக்குகிறார்கள். ஓர் உதாரணம்: நான்கு நோயாளிகள். ஒருவர் நாட்பட்ட நுரையீரல் நோயாளி, ஒட்சிசன் அளவு 90 வீதம். ஒருவர் நேற்றுச் சத்திரசிகிச்சை முடிந்தவர், வலி தாங்காமல் கத்துகிறார். ஒருவருக்குச் சர்க்கரை 110. நான்காமவர் தைரொயிட் சுரப்பியை அகற்றி ஆறு மணி நேரமானவர். வாயைச் சுற்றி ஊசி குத்துவது போல் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்கிறார். நெரிசலான வார்டில் பழகிய கால் கத்துபவரிடம்தான் ஓடும். விடை நான்காமவர். சிகிச்சையின்போது பராதைரொயிட் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கல்சியம் குறையும். அந்தக் குத்தல் அதன் முதல் அறிகுறி. அடுத்து குரல்வளைத் தசைகள் இறுகி மூச்சுப்பாதை அடைபடலாம். 90 வீதமோ அந்த நுரையீரல் நோயாளிக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவுதான்.

வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் கேள்விகளும் இப்படியே. நம் வார்டில் தாதிக்கு அடுத்து சுகாதார உதவியாளர்தான். அமெரிக்காவில் இடையில் இன்னொரு தரத்துத் தாதியும் உண்டு. நோயாளியின் நிலையை முதலில் மதிப்பிடுவது, அவருக்கு விளக்கிக் கற்பிப்பது போன்ற பொறுப்புகளைப் பதிவுபெற்ற தாதி கைமாற்ற முடியாது. இந்த எல்லை மனதில் பதியாமல் அந்தப் பகுதிக்குள் இறங்காதீர்கள்.

மருந்துப் பெயர்களில் புள்ளி இழப்பது வருத்தமான விடயம். நமது பரசிட்டமோல் அங்கே அசெட்டமினோபென், சல்பியூட்டமோல் அல்பியூட்டரோல், அட்ரினலின் எபிநெஃப்ரின். ஒரு மாலையில் முடிகிற வேலை.

ஆயிரக்கணக்கில் கேள்வி செய்தேன் என்று பெருமைப்படுபவர்களிடம், பிழையான விடை ஏன் பிழை என்று கேட்டுப் பாருங்கள். நாளுக்கு முப்பது கேள்வி போதும், ஒவ்வொன்றின் விளக்கத்தையும் முழுதாக வாசித்தால். வட்ஸ்அப்பில் ‘பரீட்சையில் வந்த கேள்விகள்’ என்று விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். கேள்விகளை வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். பிடிபட்டால் பெறுபேறே ரத்தாகலாம்.

இரவுக் கடமை முடிந்து வந்த கையோடு மாதிரிப் பரீட்சை எழுதி, புள்ளி குறைந்ததென்று மனமுடைவதும் வழக்கமாக நடப்பது. லீவு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து, கைபேசியை அணைத்துவிட்டு ஐந்து மணி நேரம் உட்காருங்கள். பரீட்சையில் முதல் இடைவேளை இரண்டு மணி நேரம் கழித்தே வரும். எடுத்துக்கொண்டால் கடிகாரம் நிற்காது. தேநீர் குடிக்க எழுந்திருப்பதையும் அதே கணக்கில் பழகுங்கள்.