வால்வு என்றால் என்ன? சொல்ல வைக்கும் சீட்டு விளையாட்டு

துறைசார் ஆங்கிலத்தில் சொற்பட்டியல் கொடுத்தால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ‘வால்வு என்றால் என்ன, ஆங்கிலத்தில் சொல்லுங்கள்’ என்றால்தான் வாய் திறக்காது. பொறியியல் மாணவர்களிடம் எனக்குக் கைகொடுத்தது தடைச்சொல் விளையாட்டு. சீட்டிலுள்ள சொல்லையும் அதன் கீழே இருக்கும் தடைச்சொற்களையும் உச்சரிக்காமல் விளக்க வேண்டும். குழு கண்டுபிடிக்க வேண்டும்.

1. சொற்கள் 20 போதும். அவர்களின் துறைப் பாடநூலிலிருந்தே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல் வேண்டாம். துறை ஆசிரியரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஸ்ட்ரெஸ் என்றால் நமக்கு மன உளைச்சல். அவர்களுக்கு ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை, பாஸ்கலில் அளப்பது.

2. தடைச்சொல் எழுதுவது. நான் சறுக்கியது இங்கேதான். கடையில் விற்கும் விளையாட்டைப் பார்த்து, வால்வுக்கு ஃப்ளோ, பிரஷர், கன்ட்ரோல் மூன்றையும் தடுத்தேன். ஒரு மாணவர் ‘சைக்கிள் டயர், ஏர், ஸ்மால் திங்’ என்றார். குழு சட்டென்று பிடித்துவிட்டது. சிரிப்பு, கைதட்டல் எல்லாம் உண்டு. எனக்கு வேண்டிய ஒரு சொல்கூட வரவில்லை.

அப்புறம் தலைகீழாக்கினேன். டயர், டேப் (தண்ணீர்க் குழாய்), ஓப்பன், க்ளோஸ் ஆகிய அன்றாடச் சொற்களுக்குத் தடை. துறைச் சொற்களுக்கு அனுமதி. அதே வால்வுக்கு இப்போது ‘இட் கன்ட்ரோல்ஸ் த ஃப்ளோ ஆஃப் எ ஃப்ளூயிட்’ என்று வந்தது. ஆய்வக அறிக்கையில் எழுதப்போவதும் இதைத்தானே! சீட்டு எழுதியதும் நீங்களே ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் தடைச்சொல்லை மாற்றுங்கள்.

3. ஆட்டம். நால்வர் குழு, ஆளுக்கு 1 நிமிடம், தடைச்சொல்லைக் கவனிக்க எதிரணியிலிருந்து ஒருவர். முழு வாக்கியத்துக்கு 2 புள்ளி, உதிரிச் சொற்களுக்கு 1. தாய்மொழி வந்தால் சீட்டு போச்சு.

4. நடுவில் திருத்தாதீர்கள், பேச்சு நின்றுவிடும். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசி 10 நிமிடம் பலகையில் எழுதி அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

செயலி எதுவும் தேவையில்லை, காகிதச் சீட்டே போதும். கஹூட் என்ற வினாடிவினாச் செயலி, சொல் நினைவிருக்கிறதா என்று பார்க்க நல்லதுதான். ஆனால் விரல் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும்.

பிற்சேர்க்கை: நன்றாகப் பேசும் ஒருவரே எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான், நான் சொல்ல விட்டுவிட்டேன்: சீட்டுக்குச் சீட்டு ஆள் மாற வேண்டும். சட்ட மாணவர்களுக்கு ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தார்கள். பெயில் (ஜாமீன்) என்ற சொல்லுக்கு ஜெயில், போலீஸ், மணி (பணம்) மூன்றையும் தடுங்கள். கோர்ட், அக்யூஸ்ட், ட்ரயல் இருக்கட்டும்.