ஆடிக் காத்தில் ஒரு மீட்டர் பாய்ப்படகுப் பந்தயம்: குளக்கரைக் குறிப்புகள்

பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விட்ட வாசல். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காத்து அதில் நுழைந்துதான் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் அடிக்கிறது. ரிமோட்டில் ஓட்டும் ஐ.ஓ.எம். (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) வகுப்புப் படகுக்கு அது நல்ல சீசன், படகு கையில் அடங்கும்வரை. நீளம் 1000 மி.மீ., தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் அதிகபட்சம் 420 மி.மீ., எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடையில் பாதிக்கு மேல், 2.2 முதல் 2.5 கிலோ வரை, அடியில் தொங்கும் ஃபின் என்ற தகடும் அதன் ஈயக் குண்டும்தான். ரிமோட்டில் இரண்டே வேலை: ஒன்று சுக்கான், இன்னொன்று இரண்டு பாய்களையும் சேர்த்து இழுத்துவிடும் வின்ச்.

முதலில் கரையைப் பாருங்கள். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் அதன் குளங்களுக்குப் பெரும்பாலும் கிழக்கில்தான் பெரிய கரை. ஆடிக் காத்து நேராக அதில் வந்து மோதும். இதில் ஒரு லாபம் உண்டு: பேட்டரி செத்த படகு தானாகக் கரைக்கு வந்துவிடும். நட்டம் மூன்று. கல் பதித்த சரிவில் அலை மோதித் திரும்புவதால் கரையோரத் தண்ணீர் குழம்பிக் கிடக்கும், படகை இறக்கும்போதே கல்லில் இடிக்கும். ஆகாயத்தாமரையும் அங்கேதான் ஒதுங்கும். அதோடு, கரை மேட்டை ஏறுமுன் காத்து மேலெழும்பி விடுவதால் ஓரத்தில் பாய்க்குக் காத்து ஒழுங்காகக் கிடைக்காது. அதனால் கீழ்க்காத்துக் குறியை, அதாவது கரைக்கு அருகிலுள்ள மிதவையை, கரையிலிருந்து 20 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஓட்டுபவர்கள் வடக்கு அல்லது தெற்குப் பக்கக் கரையில் நிற்க முடிந்தால் நல்லது. காத்துக்கு நேர் கீழே நின்றால் எந்தப் படகு முன்னே, எது பின்னே என்று கண்ணுக்குப் பிடிபடாது.

மிதவைக்கு 5 லிட்டர் எண்ணெய் கேன் போதும், நங்கூரத்துக்கு 5 கிலோ கல். கயிற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், வருகிற ஃபின்னெல்லாம் அதில் மாட்டும். மூழ்கும் நைலான் கயிறு வாங்கி, கேனுக்கு ஒரு மீட்டர் கீழே அரைக்கிலோ எடையொன்றைக் கட்டினால் கயிறு செங்குத்தாக நிற்கும். குளம் மாநகராட்சி வசமா, நீர்வளத் துறை வசமா என்று விசாரித்து முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மீன் குத்தகைக்காரரிடம் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். சிக்கிய படகை மீட்க அவருடைய பரிசலுக்கும் அப்போதே பேசி வைத்துவிடலாம்.

இந்த வகுப்பில் மூன்று ரிக், அதாவது பாய்மரமும் பாய்களும் சேர்ந்த செட், உண்டு: ஏ பெரியது, பி நடுத்தரம், சி சின்னது. புழுதியும் காகிதமும் கிளம்பினால் காத்து மணிக்கு 20–28 கி.மீ.; ஏ-யின் எல்லை இதற்குள் வந்துவிடும். சின்ன வேப்பமரம் முழுசாக ஆடினால் 29–38, பி. கரண்ட் கம்பி ஊளையிட்டால் 39-க்கு மேல், சி. அதிலும் மிதவை நகர ஆரம்பித்தால் பந்தயத்தை நிறுத்திவிடலாம். காலை பத்து மணிக் காத்தை நம்பி ஏ-யோடு மட்டும் வராதீர்கள், இங்கே மதியத்துக்கு மேல்தான் அது முழு வேகம் பிடிக்கும். காத்தோடு போகும்போது மூக்கு பாய்மரம்வரை முங்கிப் படகு நின்றுவிடுகிறதா? அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒரு படி சின்ன ரிக்குக்கு மாறுங்கள். பெரிய ரிக்கில் முங்கி முங்கி எழும் படகை, சின்ன ரிக்கில் நேராக ஓடும் படகு சுலபமாகத் தாண்டும். “இன்னொரு ஓட்டம் பார்ப்போம்” என்று தள்ளிப் போடுவதில்தான் பாதிப் புள்ளிகள் போகின்றன.

ரிக் மாற்றினால் அளவெல்லாம் மறுபடி எடுக்க வேண்டும். பாயை முழுசாக இழுத்த நிலையில் பெரிய பாயின் பூம் (பாயின் அடியைத் தாங்கும் கட்டை) நுனி மைய வரியிலிருந்து சாதாரணக் காத்தில் 5–10 மி.மீ., பலத்த காத்தில் 15 வரை விலகலாம். முன்பாய் பூம் 45–55 மி.மீ. பாய்மர உச்சியைப் பின்னால் இழுக்கும் பேக்ஸ்டேயை இறுக்கி, பாயின் அடிவயிற்றைத் தட்டையாக்கி, உச்சி கொஞ்சம் திறந்து காத்தைக் கழிக்கும்படி விடுங்கள். பூமைக் கீழே இழுக்கும் கிக்கிங் ஸ்ட்ராப்பை முறுக்கிவிட்டால் பாய் உச்சியில் காத்து தேங்கி மூக்கு இன்னும் முங்கும்.

ரிசீவரைப் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள், இணைப்புகளில் வாசலின் தடவுங்கள். மேல்தள ஓட்டைகளை ஒட்டுப் பாய்த்துணியால் மூடுங்கள். பலத்த காத்தில் வின்ச் அதிகக் கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் விழுந்தால் ரிசீவர் நடுவழியில் அணைந்து எழும். அதனால் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒரு பேட்டரி. சிக்னல் அறுந்தால் பாய் தளர்ந்து, சுக்கான் நடுவுக்கு வருமாறு ஃபெயில்சேஃப் வையுங்கள்.

ஓட்டும்போது அதிகம் தவறுவது மேல்காத்துக் குறியில், அதாவது காத்து வரும் பக்கத்து மிதவையில். எதிர்காத்தில் இறுக்கிய பாயோடு வந்து, குறியைச் சுற்றச் சுக்கானை மட்டும் ஒடித்தால் படகு திரும்பாது. இழுத்த பெரிய பாய் மூக்கைக் காத்துப் பக்கமே தள்ளும், சாய்ந்த படகில் சுக்கானுக்குப் பிடி இருக்காது, பக்கத்துப் படகின் மேல் போய் ஏறுவீர்கள். முதலில் பாயை விடுங்கள், படகு நிமிரட்டும், பிறகு மெதுவாகச் சுக்கான். கீழ்க்குறியில் கதை வேறு. 4, 5 மீட்டர் முன்பே பாயை இழுக்கத் தொடங்க வேண்டும், கடைசி நொடியில் இழுத்தால் வின்ச் திணறும்.

காத்தோடு போகையில் மூக்கு முங்கினால் சுக்கானைத் தொடாதீர்கள். பின்புறம் தூக்கியிருக்கிறது, சுக்கான் பாதி வெளியே, நேராக வைத்துக் காத்திருப்பதே வழி. ஜைப் அடிப்பதை, அதாவது காத்தோடு போகையில் பாயை மறுபக்கம் மாற்றுவதை, காத்து சற்றுத் தணியும்போது, படகு வேகமாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காத்தில் டேக் அடிக்குமுன் (மூக்கைக் காத்தின் ஊடே மறுபக்கம் திருப்புமுன்) ஒரு கணம் மூக்கை விலக்கி வேகம் சேருங்கள். நடுவில் நின்றுபோனால் பாயை விட்டு, பின்னோக்கி நகரும் படகுக்குச் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

விதியில் இரண்டு மட்டும் நினைவிருக்கட்டும். வலப்பக்கம் காத்து வாங்கி வரும் படகுக்கே வழி. குறியைச் சுற்றியுள்ள எல்லை நான்கு படகு நீளம். புகார் சொல்லும்போது தன் பாய் எண், “புரொட்டஸ்ட்”, எதிராளி பாய் எண் என்ற வரிசையில் சத்தமாக. தப்பு செய்தவர் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் தொடரலாம்.

முடிந்ததும் படகினுள் சேர்ந்த தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்தே வெயில் படாத இடத்தில் இரவு முழுக்கக் காய விடுங்கள். பலூனுக்குள்ளிருந்து ரிசீவரை எடுத்துவிடுங்கள், உள்ளே வியர்த்திருக்கும். நகரக் குளங்களில் சாக்கடையும் கலக்கிறது, சோறு தின்னுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.