பம்பு யூனிட்டில் பணம் எங்கே மாட்டிக்கொள்ளும்: முன்கூட்டியே பார்ப்பது எப்படி

அக்கா மகன் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருக்கிறான். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பம்பைச் சோதிக்கச் சின்னதாக ஒரு டெஸ்ட் பெட். தொழிற்சாலைகளுக்கான பம்புசெட்டும் கழிவுநீர் பம்பும் செய்யப் போகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, ஆர்டர் பிடிச்சுட்டா போதுமில்லைங்களா?" என்று கேட்டான். போதாது என்றேன். ஏன் போதாது என்று சொல்லி முடிக்க ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. அவனைப் போல கோயம்புத்தூரில் புதிதாகப் பம்பு யூனிட் தொடங்குகிற பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதால் அதையே எழுதி வைக்கிறேன். நான் ஆவாரம்பாளையத்தில் 29 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 10 ஹெச்.பி. பம்புசெட் 40, ஒன்று 60,000 ரூபாய். மொத்தம் 24 லட்சம், ஜி.எஸ்.டி. தனி. எல்லாச் செலவும் போக 6 சதவீதம் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,44,000 ரூபாய். கொட்டேஷன் கொடுத்த நாளுக்கும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்த நாளுக்கும் இடையில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் செம்பு கிலோவுக்கு 150 ரூபாய் ஏறிவிட்டது. ஒரு மோட்டாருக்கு 7 கிலோ, 40 மோட்டாருக்கு 280 கிலோ. 42,000 ரூபாய் போச்சு. பவுண்டரிக்காரர் காஸ்டிங்குக்கு, அதாவது வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு, கிலோவுக்கு 12 ரூபாய் கூட்டினார். செட்டுக்கு 110 கிலோ இரும்பு என்றால் இன்னொரு 52,800. மீதி 49,200. சரி, அதாவது மிஞ்சியதே என்று நினைத்தால், பார்ட்டி சொன்ன தேதிக்கு 120 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறார். வங்கியின் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் பத்தரை சதவீத வட்டி என்றால் 24 லட்சத்துக்கு 120 நாள் வட்டி ஏறக்குறைய 82,800. இப்போது கணக்குப் போடுங்கள்: 33,600 ரூபாய் கைநஷ்டம். ஒரு பம்பு கூடப் பழுதாகவில்லை, ஒரு பம்பு கூடத் திரும்பி வரவில்லை. வேலை சுத்தம். ஆனாலும் நஷ்டம்.

இந்த மூன்று ஓட்டைகளையும் அடைப்பதுதான் முதல் வேலை.

செம்பில் இருந்து ஆரம்பிக்கலாம். 2020 மார்ச்சில் லண்டன் சந்தையில் டன் 5,000 டாலருக்குக் கீழே போன செம்பு, 2021 மே மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டியது. 2024 மே மாதத்தில் 11,000 டாலரையும் தொட்டது. இந்த ஏற்ற இறக்கத்தை நம்மால் தடுக்க முடியாது. நம் மோட்டாரில் எத்தனை கிலோ செம்பு இருக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள முடியும். நான் பல வருடம் அதைக்கூடச் செய்யவில்லை. விலைக் கணக்குப் போடுகிற ஷீட்டில் 10 ஹெச்.பி.க்கு 7 கிலோ என்று எழுதியிருந்தது. அதை வைத்தே விலை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற (வைண்டிங்) அக்காவிடம் கம்பி ஸ்பூலைத் தராசில் வைத்து எடை பார்த்துக் கொடுத்தேன். அவர் ஒரு ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பாகம்) முழுதாகச் சுற்றி முடித்ததும் மீதி ஸ்பூலையும், வெட்டி எறிந்த துண்டுகளையும் தனித்தனியாக எடை போட்டோம். 7 கிலோ 400 கிராம் போயிருந்தது. கம்பி இறங்குகிற ஸ்லாட்டுக்கு வெளியே வளைகிற இடத்தில் காயிலைக் கொஞ்சம் நீளமாக விட்டால் உள்ளே இறக்குவது சுலபம். அதனால் அவர் அப்படித்தான் பழகியிருந்தார். தப்பு அவர் மேல் இல்லை, காயிலைச் சுற்றுகிற அச்சான ஃபார்மாவின் அளவை யாரும் சரி பார்க்கவில்லை. அன்றைய விலைக்கு ஒரு மோட்டாருக்கு 300 ரூபாய்க்கு மேல் எனக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு தடவை தராசு வைத்துப் பார்த்துவிடுங்கள். காஸ்டிங்குக்கும் இதே கதைதான். வரைபடத்தில் உள்ள எடைக்கும் பவுண்டரி பில்லில் வருகிற எடைக்கும் வித்தியாசம் இருக்கும். நீங்கள் காசு கொடுப்பது பில்லில் உள்ள எடைக்கு.

அப்புறம் கொட்டேஷன். செல்லுபடி 15 நாள் என்று கண்டிப்பாகப் போடுங்கள். பெரிய ஆர்டர் என்றால் செம்புக்கும் வார்ப்புக்கான பிக் அயர்ன் இரும்புக்கும் விலை மாறினால் நம் விலையும் மாறும் என்று ஒரு வரி சேருங்கள். பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் துறையில் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள், அவர்களுக்கு இது பழக்கம். அந்த வரியை ஒத்துக்கொள்ளாத பார்ட்டியிடம் 30 சதவீதம் அட்வான்ஸ் கேளுங்கள். அட்வான்ஸ் வந்த அன்றைக்கே அந்த ஆர்டருக்கான வைண்டிங் வயரை விலை பேசி முடித்துவிட வேண்டும். விலை இறங்கும் என்று காத்திருப்பதும், ஏறும் என்று ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிப்பதும் நம் வேலை இல்லை. நான் ஒரு முறை குவித்தேன். விலை இறங்கியது, ஸ்டாக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஓட்டை, தேதி. இதற்கு ஒரு நோட்டு போதும். கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி. இடது பக்கம் பணம் போகிற தேதிகள்: 7ஆம் தேதி சம்பளம், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி., கரண்ட் பில், வங்கி வட்டி, பவுண்டரிக்கும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் கொடுக்க வேண்டியவை. வலது பக்கம் பணம் வருகிற தேதிகள். வலது பக்கத்தில் பார்ட்டி சொன்ன தேதியை எழுதாதீர்கள். போன மூன்று பில்லுக்கு அவர் உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து அந்தத் தேதியை எழுதுங்கள். நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அடுத்த எட்டு வாரத்துக்கு இதைப் பார்ப்போம். எந்த வாரத்தில் இடது பக்கம் கனக்கிறதோ, அந்த வாரம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

ஜி.எஸ்.டி.யைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கான மின் பம்புகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் 18 ஆனது. மேலே சொன்ன 24 லட்சம் பில்லுக்கு வரி 4,32,000. நாம் வாங்கிய சரக்கின் வரியைக் கழித்தது போக மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாதக் கடைசியில் 30ஆம் தேதி பில் போட்டு லோடு ஏற்றுவதும், 1ஆம் தேதி ஏற்றுவதும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் வரி கட்டுவதில் ஒரு மாதம் தள்ளிப்போகும். பார்ட்டிக்கு அவசரம் இல்லை என்றால் 1ஆம் தேதி லோடு ஏற்றுங்கள்.

பணம் இழுக்கிற பார்ட்டியை என்ன செய்வது? சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாமல் தொழில் தொடங்காதீர்கள், அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடியுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு குறு தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்த பிறகு இதற்குப் பல் முளைத்தது. நமக்கு உரிய நாளில் கொடுக்காமல் வருடக் கடைசியிலும் பாக்கி வைத்தால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக அவர் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் ஆடிட்டர்களே போன் செய்து பாக்கியைக் கேட்கிறார்கள். பிப்ரவரியிலேயே பாக்கிப் பட்டியலை ஒரு கடிதத்தோடு அனுப்பி வையுங்கள். பணம் தராத பார்ட்டி மேல் அரசுத் தளத்தில் புகார் போடுவது வேறு விஷயம். இனி அந்தப் பார்ட்டியிடம் ஆர்டர் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகுதான் நான் அதைச் செய்வேன். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி என்றால் ட்ரெட்ஸில் (பில்லை வைத்து முன்கூட்டியே பணம் தருகிற ஆன்லைன் தளம்) பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. பில்லை அங்கே ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், சில நாளில் பணம் வந்துவிடும், வட்டியும் குறைவு.

இதே கத்தி நம் பக்கமும் திரும்பும். நமக்குக் காஸ்டிங் கொடுக்கிற சின்ன பவுண்டரியும், ஷாஃப்ட் கடைகிற டர்னிங் ஷாப்பும் குறு நிறுவனங்கள்தான். அவர்களுக்கு 45 நாளில் கொடுக்காவிட்டால் வரி நமக்கு ஏறும். அதைவிட முக்கியம், நம் பாக்கியால் அந்த டர்னிங் ஷாப் மூடினால் அந்தப் பொருத்தத்தில் ஷாஃப்ட் கடைய இன்னொருவரைப் பழக்க ஆறு மாதம் ஆகும். கோடையில் விவசாய பம்பு செய்கிறவர்கள் எல்லோரும் பவுண்டரி வாசலில் நிற்பார்கள். அப்போது நம் பேட்டர்னை (வார்ப்புக்கான மாதிரி) யார் முதலில் எடுத்து மோல்டு போடுவார் என்றால், நாம் யாருக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்தோமோ அவர்தான்.

இனி, எனக்கு விழுந்த பெரிய அடி. 2010இல் என் விற்பனையில் பாதிக்கு மேல் திருப்பூர் சாயப்பட்டறைகள். பணம் சரியாக வரும், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சைட்டில் நிற்கலாம், நானும் அதிலேயே சுகமாக இருந்துவிட்டேன். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் இருந்த நிலையைப் பார்த்தவன் நான். அந்த உத்தரவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கழிவை முழுதாகச் சுத்திகரிக்காமல் அந்தத் தொழில் நீடிக்காது என்பது வழக்குகளின் போக்கைக் கவனித்த எவருக்கும் தெரிந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. ஷெட்டில் 22 பம்பு பெயிண்ட் அடித்து நின்றது, வெளியே 11 லட்சம் பாக்கி. அந்தப் பாக்கியில் பாதி வந்து சேர இரண்டு வருடம் ஆனது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ஒரு பார்ட்டி 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரு ஊரோ ஒரு தொழிலோ 35 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டி நல்ல ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, எனக்கும் வராது. எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கூடுதலுக்கு மட்டும் கடன் கொடுக்காதீர்கள்.

பம்பு திரும்பி வருவதும் பண விஷயம்தான். "தண்ணிக்குத்தாங்க" என்று பார்ட்டி சொன்னதை நம்பி ஒரு ஆலைக்கு எட்டு பம்பு கொடுத்தேன். வார்ப்பிரும்பு கேசிங், 304 தர ஸ்டீல் இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்). நாலு மாதத்தில் இரண்டு திரும்பி வந்தன. இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் இறக்கையின் ஓரமெல்லாம் ஊசியால் குத்தினது போலப் பொட்டுப்பொட்டாக ஓட்டை. அது தண்ணீர் இல்லை, உப்பு ஏறிய கழிவுநீர், குளோரைடு அதிகம். 316 தர ஸ்டீல் போட்டிருக்க வேண்டிய இடம். எட்டையும் மாற்றிக் கொடுத்தேன், அந்த வருட லாபம் அதிலேயே போனது. இப்போது ஒரு பக்கப் படிவம் இல்லாமல் விலை சொல்வதில்லை: என்ன திரவம், பி.ஹெச். எவ்வளவு, குளோரைடு எவ்வளவு, சூடு எவ்வளவு, மண்ணோ நாரோ கலந்திருக்கிறதா, உறிஞ்சும் பக்கம் தொட்டி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, வோல்டேஜ் எவ்வளவு இறங்கும். கீழே அவர்கள் கையெழுத்து. ஒவ்வொரு பம்புக்கும் சீரியல் எண்ணோடு டெஸ்ட் ஷீட் வையுங்கள். விற்பனையில் ஒன்றரை சதவீதத்தை வாரண்டிக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

அரசு டெண்டரைப் பற்றிச் சுருக்கமாக. முதல் மூன்று வருடம் போகாதீர்கள். டெபாசிட், பேங்க் கேரண்டிக்கு மார்ஜின், பிடித்தம் எல்லாம் சேர்த்துப் பணம் முடங்கும். தாமதத்துக்கு வாரத்துக்கு இத்தனை சதவீதம் என்று வெட்டுவார்கள். விவசாயிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம். குசும் சோலார் பம்பு என்றால் ஐந்து வருடப் பராமரிப்பு நம் தலையில். ராமநாதபுரத்தில் ஒரு தோட்டத்தில் கன்ட்ரோலர் நின்றுபோனால் ஆளை அனுப்புகிற செலவை இன்றைய விலையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். ஏற்றுமதிக்குப் போனால் வெளிநாட்டுப் பார்ட்டி பணம் தராவிட்டால் ஈடு கொடுக்கிற இ.சி.ஜி.சி. பாலிசி இல்லாமல் கடனுக்குச் சரக்கு ஏற்றாதீர்கள். வேறு பேச்சே வேண்டாம்.

கடைசியாக வங்கி. சி.சி. லிமிட் 50 லட்சம் என்று கடிதத்தில் இருக்கும். ஆனால் எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான். ஸ்டாக்கையும் வரவேண்டிய பாக்கியையும் கூட்டி, நாம் கொடுக்க வேண்டியதைக் கழித்து, மார்ஜினையும் கழித்தால் வருவது அது. 90 நாள் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அதாவது பார்ட்டி இழுக்கிற நேரத்தில்தான், நமக்குப் பணம் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில்தான், டிராயிங் பவரும் இறங்கும். தவணையோ வட்டியோ ஒரு நாள் தவறினாலே வங்கியின் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏறும். 30 நாள், 60 நாள் என்று படி ஏறி, 90 நாள் தாண்டினால் வாராக் கடன். நோட்டில் இடது பக்கம் கனக்கிற வாரம் தெரிந்த உடனே மேனேஜரைப் போய்ப் பாருங்கள். தவறிய பிறகு போனால் அவர் நம்மைக் கேட்பார். முன்னால் போனால் நாம் அவரைக் கேட்கலாம். பாக்கிப் பட்டியல் தேதிவாரியாக, கையில் உள்ள பி.ஓ.க்களின் நகல், போன மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், இந்த மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காலை பத்தரைக்குப் போனால் கூட்டம் இருக்காது.