நர்ஸ் சொல்லும் 'பாப்' என்ன 'பாப்'?

இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு சொல் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்: பாப் (pop). புட்டியின் தக்கை திறக்கும்போது வருகிற சத்தம்தான் அது, நம்முடைய 'டப்' மாதிரி. அகராதியில் 'வெடித்தல்' என்று போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு இங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

ரத்தப் பரிசோதனைக்குப் போனால் நர்ஸ் 'பாப் யுவர் கோட் ஆஃப்' என்பார். கோட்டைக் கழற்றச் சொல்கிறார், அவ்வளவுதான். 'பாப் அப் ஆன் த பெட்' என்றால் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். கடையில் 'பாப் யுவர் கார்டு இன்' என்றால் கார்டை மெஷினில் செருக வேண்டும். நாம் 'கொஞ்சம் இப்படி உட்காருங்க' என்கிறோமே, அந்தக் 'கொஞ்சம்'தான் இது. அதிகாரமாகத் தெரியக்கூடாது, சின்ன வேலைதான், சட்டென்று முடிந்துவிடும் என்கிற தொனி. இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நான் வந்த புதிதில் அடுத்த வீட்டு அம்மா, மாலையில் 'பாப் ரவுண்ட்' பண்ணுகிறேன் என்றார். வீட்டுக்கு வரும் முதல் விருந்தாளி என்று உளுந்து ஊறவைத்து, வடை சுட்டு, காபிக்குப் பாலும் காய்ச்சி வைத்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்று, தவறிப்போய் அவர் வீட்டுக்கு வந்த என் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. ஆனால் அவர் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல்லுக்கு 'எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன்' என்றுதான் பொருள்.

ஆபீசில் ஒருவர் 'பாப்டு அவுட்' என்றால் சும்மா வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார். 'பாப்டு ஹிஸ் கிளாக்ஸ்' என்றால் இறந்துவிட்டார். இதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், நீங்கள் சொல்லாதீர்கள், மரியாதையாக இருக்காது. சந்தையில் 'ஃபைவ் பவுண்ட்ஸ் எ பாப்' என்றால் ஒன்று 5 பவுண்டு, மூன்று எடுத்தால் 15. வடக்கே போனால் பாப் என்பது கலர் சோடா. தக்கை திறக்கும் சத்தத்தால் வந்த பெயர் என்று கவிஞர் ராபர்ட் சௌதி 1812-லேயே எழுதியிருக்கிறார். பாப் பாட்டுக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அது பாப்புலர் என்பதன் சுருக்கம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். விழுந்து முழங்காலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், 'டிட் யூ ஹியர் எ பாப்?' என்று கேட்பார்கள். இங்கே நிஜமான சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். ஜவ்வு கிழியும்போது பலருக்கு அப்படி 'டப்' என்று கேட்கும். கேட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லையா, தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும் என்று கேளுங்கள். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இல் அதற்குப் பணம் வாங்க மாட்டார்கள்.