புதுப் படகின் உண்மையான வேகத்தைப் பார்ப்பது எப்படி?

ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்க அண்மையில் ஒரு படகு வாங்கினேன். 14 அடி ஃபைபர், 15 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டினால் பெர்ணாம் ஆறு, அதனால் சோதனைக்கு இடம் தேடி அலையவில்லை.

புது எஞ்சினுக்குக் கையேட்டில் சொன்ன பழக்க ஓட்டத்தை முதலில் முடியுங்கள். என்னுடையதற்கு 10 மணி நேரம். அதுவரை முழு வேகத்துக்கு முறுக்க வேண்டாம். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும், பாக்கெட்டில் அல்ல.

வேகம் பார்க்கக் கைப்பேசி ஜிபிஎஸ் போதும். தண்ணீர் அழுத்தத்தில் ஓடும் ஸ்பீடோமீட்டர் நம் ஆற்றுச் சேற்றில் அடைத்துக்கொள்ளும். அதற்குக் கொடுக்கும் வெள்ளியில் பெட்ரோல் ஊற்றலாம். ஆனால் ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றுகிற, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் சின்ன டாக்கோமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அப்புறம், செயலி வேகத்தை 'நாட்' (knot) கணக்கில் காட்டுகிறதா கிலோமீட்டரில் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். முதல் நாள் கடலை நோக்கி ஒரே ஓட்டம்: மணிக்கு 35 கிலோமீட்டர். ஜெட்டியில் பீற்றிக்கொண்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த மாமா தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆத்தோட போனா வாழமட்டையும் வேகமாத்தான் போகும் தம்பி. மேல ஏறி வந்து சொல்லு."

ஏறி வந்தேன். 27.

ஜிபிஎஸ் கரையை வைத்துத்தான் வேகம் சொல்கிறது. தண்ணீரும் சேர்ந்து ஓடுவது அதற்குத் தெரியாது. ஆகவே ஒரே நீட்டில் போக ஒன்று, வர ஒன்று, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். எனக்கு 31. மிச்ச 4 ஆறு கொடுத்தது. இரண்டு ஓட்டத்திலும் அதே ஆட்கள், அதே பெட்ரோல், அதே ஐஸ் பெட்டி இருக்க வேண்டும். வேகம் ஏறியதும் எண் மாறாமல் நின்ற பிறகே எழுதுங்கள்.

வேகத்தைவிட முக்கியம் எஞ்சினின் சுழற்சி. என் எஞ்சினுக்கு முழுதாக முறுக்கினால் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரை இருக்கவேண்டும். இரண்டு பேரோடு 5000 வந்தது. மூன்று பேரும் ஐஸும் ஏறியதும் 4400-க்கு இறங்கிவிட்டது. அப்படி ஓட்டினால் எஞ்சின் திணறும். பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் போட்டால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். தனியாகப் போகிறபோது கொஞ்சம் வேகம் குறையும், அது எனக்குப் பரவாயில்லை. நீங்கள் எப்போதும் எவ்வளவு சுமை ஏற்றுவீர்களோ அதோடு சோதியுங்கள்.

பின்சேர்க்கை: "நான் திரும்பி வருவதற்குள் வற்றம் (கடல் நீர் இறங்கும்போது வரும் இழுப்பு) தணிந்துவிடுகிறதே" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயம். சம இடைவெளியில் மூன்றாவது ஓட்டமும் கடலை நோக்கி ஓடுங்கள். எனக்கு 33 வந்தது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் தப்பு, ஏனென்றால் ஆறு இரண்டு தடவை தள்ளியது, ஒரு தடவைதான் தடுத்தது. நடு ஓட்டத்தை இரட்டிப்பாக்கி நான்கால் வகுங்கள்: 35, 54, 33 சேர்ந்து 122. விடை 30.5. மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். "சரி, இறால் எவ்வளவு?" என்றார்.